பிரிக்காத பார்சல்

"பார்சலைத் தொட்டுக்கூடப் பாக்கல, கொடுத்தது கொடுத்தபடி கொண்டாந்து சேர்த்துட்டேன்" என்று எங்கள் ஊரில் யாராவது பெருமையடித்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. சட்டென்று எழுந்து அடுப்படிப் பக்கம் போய்விடுவேன். அங்கேயே உட்கார்ந்திருந்தால் ஏதாவது சொல்லித் தொலைத்துவிடுவேன் என்ற பயம்.

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காடு. பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது. தெருவுக்குத் தெரு ஆள் சபுரில் இருக்கும். வெளிநாட்டுப் பிழைப்பை நாங்கள் சபுர் என்றுதான் சொல்வோம். அங்கிருந்து ஒருவர் லீவில் ஊருக்கு வருகிறார் என்று தெரிந்தால் போதும், நம்மாட்கள் அத்தனை பேரும் அவர் ரூம் வாசலில் பார்சலோடு நிற்பார்கள். பிள்ளைக்குப் பால் பவுடர், அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம், தங்கச்சிக்கு சேலை. அவரும் தன் சாமானை எடுத்து வெளியே வைத்துவிட்டு அடுத்தவர் சாமானைத் திணித்துக்கொள்வார். உள்ளே என்ன என்று கேட்க மாட்டார். கேட்டால் நம்பிக்கையில்லை என்று ஆகிவிடும். பிரித்துப் பார்ப்பது அதைவிடக் கேவலம். அது அமானிதம், ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். உரியவர் கையில் சேரும்வரை அது நம் பொறுப்பு. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். நானும் ஊரார் பார்சலை வாய் திறக்காமல் சுமந்திருக்கிறேன்.

என் மகள் அங்கேதான் பிறந்தாள். எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. என் வீட்டுக்காரர் அங்கே ஏசி மெக்கானிக். அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், எங்கள் பக்கத்து வழக்கம் அது. மகளுக்குப் பல் முளைத்தது, நடை வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள் டாக்டர்கள். சில பிள்ளைகளுக்குத் தாமதமாக வரும், சிலருக்கு வராமலும் போகலாம் என்றார்கள். ஊரிலிருந்து போன் செய்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "அங்க தமிழ் பேச ஆளில்ல, அதான் புள்ள இப்படிக் கெடக்கு" என்றாள் ஒருத்தி. ஏன், நான் ஒருத்தி அங்கே மண்ணாங்கட்டியா? அந்த ஒற்றை அறை வீட்டில் நாள் முழுக்க அவளிடம் பேசிப் பேசி என் தொண்டைதான் வறண்டது.

அப்போதுதான் மச்சான் ஒரு கிளி வாங்கி வந்தார். சாம்பல் நிறம், வால் மட்டும் செக்கச்செவேல் என்று இருக்கும். ஆப்பிரிக்கக் காட்டுக் கிளி வகை. ஆனால் இது காட்டில் பிடித்ததில்லை. பண்ணையில் பொரித்த குஞ்சு என்ற சான்றோடு, காலில் நம்பர் போட்ட வளையத்தோடு, லைசென்ஸ் உள்ள கடையில் வாங்கியது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாங்கள் திருட்டுக் கிளி வளர்த்தோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

தினமும் காலையில் கூண்டைத் திறக்கும்போது நான் அதனிடம் "தொறக்கட்டா? தொறக்கட்டா?" என்று கேட்பேன். கொஞ்ச நாளில் அது கற்றுக்கொண்டது. ஆனால் பாதியை முழுங்கிவிட்டு "தொற" என்று மட்டும் சொல்லும். கடைசி எழுத்தை ஒரு இழுவை இழுக்கும், ஆள் கூப்பிடுகிற மாதிரி. ஒரு நாள் நான் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது "தொற" என்று சத்தம் கேட்டது. "இரு, கையில மாவு இருக்குல்ல" என்று அதட்டிக்கொண்டே திரும்பினால் கிளி வாயில் கடலை இருக்கிறது. சொன்னது என் மகள். கூண்டுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, கிளியின் அதே குரலில், அதே இழுவையோடு சொல்லியிருக்கிறாள். மாவுக் கையோடு நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு தண்ணி, வா, போ, அப்பாவைக் கூப்பிடும் அத்தா. எல்லாம் கிளிக்குத்தான் சொல்வாள். கிளி திருப்பிச் சொல்லும், அவள் மறுபடி சொல்வாள். எங்களிடம் நேராகப் பேச மாட்டாள். போகட்டும், பேச்சு வந்ததே என்றிருந்தோம்.

அந்த நேரம் பார்த்து கம்பெனிக்காரன் குடும்ப விசாவை நிறுத்தினான். நானும் மகளும் ஊருக்கு வர வேண்டியதாயிற்று. மச்சான் நம்மாட்கள் சிலரோடு ஒரு ரூமுக்கு மாறினார். கிளி அவரோடு தங்கியது. "பேப்பர் எல்லாம் சரியாத்தான் இருக்கு. அங்க ஒரு பெர்மிட், இங்க ஒரு பெர்மிட், ரெண்டும் வந்ததும் முறைப்படி கொண்டாந்துடுறேன்" என்றார். ஊர் வந்த முதல் வாரங்களில் வீடியோ காலில் கிளியைக் காட்டினார். மகள் போனை முகத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு பேசினாள். பிறகு பேச்சு குறைந்தது. படத்தில் தெரிகிற கிளியைத் தொட முடியவில்லை, அது கடலை வாங்க வரவில்லை. தண்ணி போயிற்று. வா, போ போயிற்று. முதல் வார்த்தை தொறகூடப் போயிற்று. அரியலூரில் ஒரு பேச்சுப் பயிற்சி டீச்சரிடம் அழைத்துப் போனேன். சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேரும். இறங்கும்போது தலை, முக்காடு எல்லாம் வெள்ளைத் தூசி. அந்த டீச்சர் நல்ல பெண். "படம் போதாதுங்க. முடிஞ்சா அந்தக் கிளிய சீக்கிரம் கொண்டாந்துருங்க. வந்த வார்த்த போயிட்டா திரும்ப வர்றது கஷ்டம்" என்றார்.

அதற்காகத்தான் இங்கே எடுக்க வேண்டிய பெர்மிட்டைக் கேட்டு பெரம்பலூரில் ஒரு அரசாங்க ஆபீசுக்குப் போனேன். இங்கிருந்து திருச்சி, அங்கிருந்து சென்னை என்று அலையவிட்டு, கடைசியில் திருச்சியில் ஒரு ஆபீசர்தான் விஷயத்தை உடைத்துச் சொன்னார். வயதானவர், பொறுமைசாலி.

"ஒங்க கிளி மேல ஒரு தப்பும் இல்லம்மா. அந்த நாட்டு மேலதான் நடவடிக்கை. அந்த ஊர்த் துறைமுகம் வழியா போலி பெர்மிட்ல பறவ, விலங்கு எல்லாம் போயிட்டே இருந்திருக்கு. சட்டம் போடுங்கன்னு பல தடவ சொல்லியும் அவங்க கேக்கல. காட்டு உயிருங்க வியாபாரத்துக்குன்னு உலக நாடுங்க போட்ட ஒப்பந்தம் ஒண்ணு இருக்கு. அதனால அந்த ஒப்பந்தத்துல இருக்குற எந்த நாடும் அவங்க பெர்மிட்ட ஏத்துக்காதீங்கன்னு வர்த்தகத்தையே நிறுத்தி வச்சிருக்காங்க."

"நாங்க வியாபாரம் பண்ணலையே சார். எங்க வூட்டுக் கிளி."

"அவங்க ஆபீஸ் குடுக்குற பெர்மிட் எதுக்குமே இப்ப மதிப்பில்லம்மா. வூட்டுக் கிளின்னாலும் அதே பெர்மிட்தான வேணும்?"

"எப்ப சார் எடுப்பாங்க?"

"அவங்க சரி பண்ணினதும்."

"எப்ப சரி பண்ணுவாங்க?"

அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "என் புள்ளைக்கு வந்த பேச்சு போயிட்டிருக்கு சார். அந்த நாடு சட்டம் போடுறதுக்கும் என் புள்ள பேசுறதுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கத்தினேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. "இப்படி நெருக்குனாத்தாம்மா நாடுங்க வழிக்கு வரும். வேற எந்தக் கம்ப எடுத்து அடிக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது நியாயம். அங்கே இருந்தபோது கிளிக்கு விதை வாங்க ஒருமுறை பறவைச் சந்தைக்குப் போயிருந்தோம். ஒருவன் எங்கள் கண்ணெதிரே ஒரு பெட்டியை உடைத்தான். உள்ளே எங்கள் கிளியின் இனம்தான், ஒன்றின் மேல் ஒன்றாக அடைத்திருந்தது. மேலே இருந்தவை மூச்சு வாங்கின. கீழே இருந்தவற்றை அவன் காலால் ஒதுக்கித் தள்ளினான். ஒரு கிளியின் காலிலும் வளையம் இல்லை. அந்தச் சந்தையை மூட வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? மூடத்தான் வேண்டும். அந்தப் பாவிகளைக் கட்டி வைத்து உதைக்கத்தான் வேண்டும்.

ஆனால் உதை யாருக்கு விழுந்தது? காலில் வளையம் போட்டு, சான்று வாங்கி, மனு எழுதி, ஆபீஸ் ஆபீசாக நின்றவளுக்கு விழுந்தது. காலால் தள்ளியவனுக்கு பெர்மிட்டே தேவையில்லை. தடை போட்டதும் தெரியாது, எடுத்தாலும் தெரியப்போவதில்லை. அவன் கடை திறந்துதான் இருக்கிறது என்று மச்சான் சொன்னார். வயிறு எரிந்தது எனக்கு. இன்றைக்கும் எரிகிறது.

இதற்கிடையே மச்சான் ரூமில் கிளி தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொள்ள ஆரம்பித்தது. பகலெல்லாம் யாருமில்லாத ரூமில் ஏக்கம் என்றார். ஒரு நாள் மெதுவாகப் பேச்செடுத்தார்.

"ஒருத்தன் சொல்றான், மயக்கம் குடுத்து பெட்டியில போட்டு அனுப்பிடலாமாம். நெறைய பேரு அனுப்புறாங்களாம்."

"வாயக் கழுவுங்க மச்சான்! உசுரு அது. செத்துப் போயிரும். மாட்டுனா கொண்டு வர்றவனுக்கு ஜெயிலு. இந்தப் பேச்சே எடுக்காதீங்க."

"சரி சரி, சும்மா சொன்னேன்."

அவர் சும்மா சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் வீடியோ காலில் அவர் "அத்தா பாரும்மா, அத்தா பாரு" என்று கெஞ்சினார். மகள் போனைப் பார்க்கவே இல்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளிடம் மிச்சம் இருந்த ஒரே வார்த்தை அத்தா. அதுவும் போயிற்று. அவர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என்னிடம் சொன்னால் நான் விட மாட்டேன் என்று சொல்லவில்லை. கொண்டு வருகிறவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் வாங்கமாட்டார்.

கொண்டு வந்தவர் எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டு அண்ணன். ஊரிலேயே நேர்மையான மனிதர் என்று கேட்டால் அவரைத்தான் காட்டுவார்கள். அவரிடம் ஒரு சாமான் கொடுத்தால் தலையை அடகு வைத்தாவது கொண்டு வந்து சேர்ப்பார். அன்று காலையில் மச்சான் போன் செய்து, "அண்ணன் கையில ஒரு பார்சல் வருது. வந்தவொடனே பாப்பா கையில குடு, அவளே பிரிக்கட்டும்" என்றார். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. பொம்மை ஏதோ அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் திருச்சியில் இறங்கி, கார் பிடித்து ஊர் வந்து, குளித்து, லுஹர் என்கிற மதியத் தொழுகையை முடித்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு வந்தார். அமானிதத்தை அழுக்குச் சட்டையோடு கொடுக்க மாட்டார், அப்படிப்பட்ட மனிதர். அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். பிரவுன் டேப் சுற்றாத இடம் ஒரு விரல் அகலம்கூட இல்லை.

"ஒன் வூட்டுக்காரரு குடுத்த பெட்டி அங்கங்க ஓட்ட ஓட்டயா இருந்துச்சும்மா. ஏர்போர்ட்ல தூக்கிப் போட்டு ஒடச்சிருவான்னு, நானே ஒரு டேப் வாங்கி எல்லாத்தயும் நல்லா அடச்சு சுத்திட்டேன். உள்ள என்னன்னு எட்டிக்கூடப் பாக்கல."

"ஒங்களுக்கு எதுக்குண்ணே இவ்ளோ செரமம்" என்றேன். டீ போட்டேன். பிஸ்கட் வைத்தேன். பார்சல் கொண்டு வந்தவர் உட்கார்ந்திருக்கும்போது பார்சலைப் பிரிப்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை; என்ன வந்தது, எவ்வளவு வந்தது என்று அவர் கண்முன் ஆராய்கிற மாதிரி ஆகிவிடும். எனவே அவருடைய பிள்ளைகளின் படிப்பை விசாரித்தேன், அங்கே வெயில் எப்படி என்று கேட்டேன். மகள் பெட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்து டேப்பை நகத்தால் சுரண்டினாள். ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்து நகர்த்தி உட்கார வைத்தேன். அண்ணன் இரண்டாவது டீயும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

டேப்பை கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. மூடியைத் திறந்ததும் முதலில் தெரிந்தது அந்தச் சிவப்பு வால்.

மச்சான் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன். "பிரிச்சிட்டீங்களா? பாப்பா என்ன சொன்னா?" என்றார். எனக்கு என்னென்ன வார்த்தை வாயில் வந்ததோ அத்தனையும் சொன்னேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை ஒரு சொல் ஏசியதில்லை, எல்லாவற்றையும் சேர்த்து அன்றைக்கு ஏசினேன். கடைசியில் அவர் குரல் உடைந்து, "ஓட்ட போட்டிருந்தேனே" என்றார். "சுத்தியும் அத்தன ஓட்ட போட்டிருந்தேனே."

கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். வளையத்தைக் கழற்றவில்லை. மகள் பக்கத்தில் நின்று பார்த்தாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது. எப்படிச் சொல்வது? தன் கையால் ஒரு உயிரின் மூச்சை அடைத்தேன் என்று தெரிந்தால் அந்த மனிதர் சோறு தின்ன மாட்டார். தனக்குத் தெரியாமலே தன்னைக் கள்ளக்கடத்தல் செய்ய வைத்தார்கள் என்று தெரிந்தால் எங்கள் முகத்தில் விழிக்க மாட்டார். அதனால் கல்யாண வீட்டில் அவர் "பார்சலைத் தொட்டுக்கூடப் பாக்கல" என்று சொல்லும்போது நான் எழுந்து போகிறேன். கோபத்தை யார் மேல் வைப்பது என்று தெரியாமல் பாத்திரங்கள் மேல் வைக்கிறேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது. காலால் கிளிகளைத் தள்ளிய அந்தச் சந்தைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது எங்கள் வீட்டுப் பெட்டிக்கும் அவன் பெட்டிக்கும் என்ன வித்தியாசம்? அல்லாஹ் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

கொஞ்ச மாதம் கழித்து திருச்சி ஆபீசர் போன் செய்தார். என் நம்பரை ஞாபகமாக வைத்திருந்திருக்கிறார், நல்ல மனிதர். "நல்ல சேதிம்மா. அந்த நாட்ல சட்டம் போட்டுட்டாங்க. அங்க இருந்த பறவைச் சந்தையையும் மூடிட்டாங்களாம். தடைய எடுத்தாச்சு. ஒங்க கிளிக்கு இப்ப மனு போட்டா சீக்கிரம் கெடச்சிரும்" என்றார்.

அப்படியானால் கம்பு வேலை செய்திருக்கிறது. அடித்தார்கள், நாடு வழிக்கு வந்தது. இனி அந்தப் பெட்டிகள் அங்கே உடைபடாது. நான் அதை மறுக்கவில்லை, நல்லதுதான், எத்தனையோ கிளிகள் பிழைக்கும். ஆனால் நல்ல சேதி என்று அவர் சொன்னபோது போனைச் சுவரில் அடித்து உடைக்க வேண்டும் போலிருந்தது. "வரிசையில நின்னவங்களுக்கு ஒரு சின்ன வழி விட்டுட்டு அடிச்சிருக்கக் கூடாதா சார்?" என்று கேட்டேன். "என்னம்மா ஆச்சு?" என்றார். கிளி செத்துப்போச்சு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். எப்படி என்று சொல்லவில்லை.

போன வாரம் மச்சான் இன்னொருவர் கையில் பார்சல் கொடுத்தனுப்பியிருந்தார். வந்தவர் பக்கத்துத் தெருப் பையனின் மாமனார். முறைப்படி உட்கார்ந்தார், முறைப்படி நான் டீ போடப் போனேன். மகள் அறையிலிருந்து வந்தாள். கிளியைப் புதைத்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. அரியலூர் டீச்சர்கூட, தான் நம்பிக்கை இழந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழகிவிட்டார். பெட்டிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் டேப்பின் மேல் வைத்தாள்.

"தொற" என்றாள்.

கிளியின் குரல். அதே இழுவை.

டீயை அப்படியே அடுப்பில் விட்டுவிட்டு ஓடி வந்தேன். வந்தவர் "நான் கெளம்புறேம்மா, அப்புறமா பாருங்க" என்று சங்கடத்தோடு எழுந்தார். "ஒக்காருங்க, ஒங்க முன்னாடியேதான் பிரிப்பேன்" என்றேன். ஏன் கத்துகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. பல்லால் கடித்து டேப்பைக் கிழித்தேன். மூடியை மகள் திறந்தாள்.

பால் பவுடர். பாதாம். ஒரு நீலக் கவுன். அத்தனையையும் ஒன்றொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். அடியில் கிடந்த காகிதத்தையும் எடுத்தாள். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். பிறகு அந்த வெறும் பெட்டியை என் மடியில் கொண்டு வந்து வைத்து, என் முகத்தைப் பார்த்து மறுபடியும் சொன்னாள்.

"தொற."